இரண்டு கழுத்திலும் ஆத்திமாலை

எங்கள் சேலையூர்க் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் இந்த வாரமும் போர் மூண்டது. குப்பை வண்டி வரவில்லை என்று ஆரம்பித்த பேச்சு எப்படியோ எல்லைக்குப் போய், "ஒரே அடியா அடிச்சு முடிச்சிட வேண்டியதுதானே, என்ன சொல்றீங்க சுபேதார் சார்?" என்று என் தலையில் வந்து விடிந்தது. கேட்டவர் பையன் கனடாவில். என் பையன் இருக்கும் இடத்தை நான் எழுதக் கூடாது. போனைக் கவிழ்த்து வைத்தேன், எரிச்சல் இறங்கவில்லை.

கூடவே ஒருவர், மகனைக் களத்துக்கு அனுப்பும் புறநானூற்றுத் தாயைப் பற்றிப் பதிவு போட்டிருந்தார். புறநானூறு என்றால் நான் தடம் மாறிவிடுவேன் என்பது இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குத் தெரியும். ஒக்கூர் மாசாத்தியாரை மேடையேற்றுகிறவர்கள் கோவூர் கிழாரை ஏன் வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள்? உறையூருக்குள் நெடுங்கிள்ளி, வெளியே முற்றுகையிட்டு நலங்கிள்ளி. எதிரி சேரனுமில்லை, பாண்டியனுமில்லை. இரண்டு கழுத்திலும் சோழரின் ஆத்திமாலை. யார் தோற்றாலும் உங்கள் குடிதான் தோற்கும் என்று இடையில் போய் நின்றார் கிழார். போரே கூடாது என்றவரும் அல்ல அவர். ஆவூர் முற்றுகையில் இதே நெடுங்கிள்ளியிடம், ஒன்று கதவைத் திற, இல்லையேல் வந்து போரிடு, ஊரைப் பட்டினி போட்டு உள்ளே ஒளியாதே என்று கடிந்தவர்.

ஆத்திமாலை என்றாலே எனக்கு யாழ்ப்பாணம்தான். 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை ஒட்டி, போராளிகளின் ஆயுதங்களை வாங்கி வைத்து அமைதி காக்கப் போனோம். அக்டோபரில் புலிகளோடு சண்டை. தமிழில் வழி கேட்டால் தமிழிலேயே தப்பு வழி சொன்னார்கள். பரங்கிமலையில் பயிற்சி பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் நவம்பர் 25 அன்று வீழ்ந்தார். பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். நம் பக்கம் இறந்தவர்கள் 1,100க்கு மேல். 1990 மார்ச்சில் படை திரும்பியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அன்று கொதித்தேன். அங்கே செத்த தமிழ்ச் சனங்களை நினைத்தால் இன்று அவரைத் திட்ட வாய் வரவில்லை.

போருக்குச் சம்மதிக்க, அப்பனாக என் நிபந்தனை ஒன்றுதான்: வண்டி ஏறும்போது சொன்ன காரணம் இறங்கும்போதும் மாறாமல் இருக்க வேண்டும். 1999இல் கார்கிலில் இருந்தது. நம் மலைகளை மீட்பது, அதோடு நிற்பது; எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டாதே என்று உத்தரவே இருந்தது. அதனால்தான் நம் பையன்கள் அதிகம் செத்தார்கள் என்று என்னோடு சண்டை பிடிக்கும் பழைய கூட்டாளிகள் உண்டு. இருக்கலாம். என் பையனை அனுப்பச் சொன்னால் அந்த மாதிரிப் போருக்குத்தான் அனுப்புவேன்.