"புராசசர் போச்சு" என்று சொல்பவர்களுக்கு

அன்பு மாணவர்களே, உறவினர்களே, பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். உங்களில் சிலர் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறீர்கள். கோபம் வந்தாலும் பரவாயில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் கேட் டிராயிங் போட்டுப் பிழைக்கும் நம் பழைய மாணவன் ஒருவன். காலையில் சிஸ்டம் பறக்கிறது, பத்து மணிக்கு மேல் நத்தையாகிறது. ஒரு கடையில் வைரஸ் என்று ஃபார்மட் அடித்தார்கள். சரியாகவில்லை. இன்னொரு கடையில் "புராசசர் போச்சு, மாத்தணும்" என்றார்கள். வைரஸுக்கு வெயில் நேரம் தெரியுமா? போன புராசசர் மறுநாள் காலையில் எப்படி உயிர்த்தெழும்? இரண்டு கடையிலும் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை.

அவனிடம் இருப்பது ஐ7-12700. பெயருக்கு 65 வாட், முழு வேகத்தில் 180 வாட் வரை இழுக்கும். மதர்போர்டோ இருப்பதிலேயே மலிவான ஹெச்610. எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட்டை ஒரு வோல்ட் சொச்சமாகக் குறைத்துப் புராசசருக்குக் கொடுப்பவை சாக்கெட் ஓரத்தில் இருக்கும் மாஸ்ஃபெட்டுகள். எட்டாம் வகுப்புக் கணக்குதான்: 180 வாட்டை 1.2 வோல்ட்டால் வகுத்தால் 150 ஆம்பியர். பத்து சதவீதம் வீணானால் 20 வாட் சூடு. சால்டரிங் அயர்னே 25 வாட்தானே! அந்தச் சூட்டை விரல்நகம் அளவுச் சில்லுகள் சில தாங்க வேண்டும். அவன் போர்டில் அவற்றின் மேல் ஹீட்சிங்க் கிடையாது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சுற்றிலும் இரும்பு ஆலைத் தூசி, மே மாத வெயில்.

அவை எல்லை மீறிச் சூடானால் போர்டு புராசசருக்கு எச்சரிக்கை அனுப்பும். உடனே அது 0.8 கிகாஹெர்ட்ஸ் அளவுக்குக்கூட இறங்கிவிடும். புராசசரின் சூட்டைப் பார்த்தால் 55 டிகிரிதான் காட்டும். கடைக்காரர் ஏமாறுவது இங்கேதான்.

கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். ஹெச்டபிள்யூஇன்ஃபோ இலவச மென்பொருள். வேகம் விழும்போது அதில் "கோர் தெர்மல் த்ராட்லிங்" இல்லை என்றும், "பிராக்ஹாட்" அல்லது "விஆர் தெர்மல் அலர்ட்" ஆம் என்றும் வந்தால் சந்தேகம் மாஸ்ஃபெட் பக்கம். பிறகு கேஸின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனைச் சாக்கெட் ஓரத்துக்கு நேரே வையுங்கள். சில நிமிடத்தில் வேகம் திரும்பினால் வேறு சாட்சி எதற்கு? அவன் சிஸ்டத்தில் திரும்பியது.

வாட்டர் கூலர் போட்டுக் கெடுத்த கதையும் உண்டு. பழைய கூலரின் காற்றாவது போர்டில் பட்டுக்கொண்டிருந்தது, அதையும் எடுத்துவிடுகிறார்கள்.

இன்னொரு கூட்டம் த்ராட்டில்ஸ்டாப் போட்டு அந்த எச்சரிக்கையையே அணைத்துவிட்டு "ரெடி சார்" என்கிறது. அடுப்பு எரியும்போது அபாய மணியின் வயரை அறுப்பது வைத்தியமா? மேல்பக்க மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனால் 12 வோல்ட் நேராகப் புராசசருக்குப் போகும். அப்போது நிஜமாகவே போகும்.

பயாஸில் பவர் லிமிட்டை 65 வாட்டுக்குக் குறையுங்கள், மாஸ்ஃபெட் மேல் சின்ன ஹீட்சிங்க் ஒட்டுங்கள், ஒரு ஃபேன் வையுங்கள். அவனுக்கு இவ்வளவுதான் செய்தோம். புதுப் புராசசர் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ரயிலேற இருந்தவன் இப்போது பகல் முழுதும் டிராயிங் போடுகிறான்.

கடை வைத்திருப்பவர்களே, ஃபேன் வைத்துப் பார்த்த நேரத்துக்குக் கூலி வாங்குங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பார்க்காமலே புதுப் புராசசரை விற்காதீர்கள்.