கேட்ட மொழியில் மறுமொழி



ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்மவர்க்குப் பொருளினும் அரியது ஒன்று உண்டு. ஒருவர் சொல்லை மற்றவர் நம்புதலே அது. அந்நம்பிக்கை எங்ஙனம் வளர்கிறது, எங்ஙனம் கெடுகிறது என்று ஆராய்வார்க்குப் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்கள் நல்லதொரு பாடசாலையாம்.

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள், தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கோரியிருந்த நெய்யாற்றின்கரைத் தாலுகாவோ கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளை தமிழகத்தது, பாறசாலை கேரளத்தது என்றாயிற்று. எனினும் கோடு நிலத்தில் விழுந்ததேயன்றி நாவில் விழவில்லை. சந்தையில் ஒருவர் தமிழில் விலை கேட்க, மற்றவர் மலையாளத்தில் விடையிறுக்க, வாணிகம் இனிதே நடைபெறும். ஒருவர் பேச்சு மற்றவர்க்கு விளங்குவதால் அங்கே ஐயத்துக்கு இடமில்லை.

நெய்யாற்று நீரின் கதையோ வேறு. நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் எல்லை கடந்து விளவங்கோட்டு வயல்களுக்கும் நீர் தந்தது. 2004இல் அந்நீர் நின்றது. நெய்யாறு இரு மாநில ஆறு எனத் தமிழகமும், அன்று எனக் கேரளமும் கூற, 2012இல் தமிழகம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. நியாயம் எவர் பக்கம் என்று தீர்ப்பது நம் வேலையன்று. அணையும் கால்வாயும் இருந்தும், இருவரும் ஒப்பிய சொல் ஒன்று இல்லையேல் உழவன் வயலுக்கு நீர் வாராது என்பதே நாம் கருதத்தக்கது.

இதற்கு மாறான நல்வழியும் அந்நாட்டிலேயே உண்டு. கேரளத்துத் தமிழ்ச் சிறுபான்மையோர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதலாம் என்கிறது 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம். அம்மட்டோ! மறுமொழியும் தமிழிலேயே வருதல் வேண்டும் என்கிறது. கேட்கும் உரிமை பாதி. விளங்கும்படி விடை பெறும் உரிமையே மறுபாதி அன்றோ?

இனி நம் சங்கங்களுக்கு வருவோம். பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் கணக்கைப் பற்றி வினவுகிறார். "எல்லாம் சரியாகவே இருக்கிறது" என்று பொறுப்பாளர் ஒரே சொல்லில் முடிக்கிறார். அவர் கை தூயதாகவே இருக்கலாம். ஆயினும் வினவியவர் வாய் மூடுகிறதேயன்றி மனம் அடங்குவதில்லை. கூட்டத்தில் விடை பெறாத வினா வாயிற்படியில் வம்பாகிறது. அவ்வம்பு மறு ஆண்டில் இரண்டாவது சங்கமாகிறது. இக்குற்றத்துக்கு நாமும் புறம்பல்லோம். ஒரு காலத்தில் இவ்வாறே விடை கூறி, நல்ல நண்பர் ஒருவரை இழந்தோம். கணக்கில் ஒரு காசும் குறையவில்லை, நட்பே குறைந்தது.

ஆகவே பொறுப்பில் உள்ளோர் வரவு செலவை வாய்விட்டு வாசிப்பாராக. வினாவையும் விடையையும் நடவடிக்கைக் குறிப்பில் எழுதுவாராக. ஐயமுடையோரும் அதனைக் கூட்டத்திலேயே கேட்பாராக. வீட்டிலும் இதுவே முறை. வேற்றூரில் வளரும் பிள்ளை அவ்வூர் மொழியில் ஒன்று கேட்டால் சினவாது, முதலில் அதற்கு விளங்கும்படி விடை கூறுவோம். பின்னர் அதனையே தமிழிலும் சொல்லித் தருவோம். விடை கிடைக்கும் என்று நம்பும் பிள்ளையே மீண்டும் நம்மிடம் வந்து கேட்கும்.