காந்தளும் கண்வலிப்பூவும்

பூக்களைப் படம்பிடிப்பது வெறும் பொழுதுபோக்கு என்பது பலர் எண்ணம். தமிழ் கற்பிக்கும் நாம் விடுமுறை நாள்களில் கேமராவும் கையுமாக வேலியோரங்களில் குனிந்து திரிவதைக் கண்டு, 'வாத்தியாருக்கு வேறு வேலை இல்லை போலும்' என்று நகைப்போரும் உளர். நகைக்கட்டும். தொழில்முறைக் கலைஞர் அல்லாத ஒருவர் பொறுமையோடு எடுக்கும் பூப்படம், சங்கப் பாடலுக்கு ஓர் உரையாகவே அமையக்கூடும் என்பது நம் கருத்து. ஆனால் நாம் காணும் படங்களில் பெரும்பாலானவை அவ்வாறு அமைவதில்லை.

லென்சை இதழருகே கொண்டுசென்று, பின்புலம் முழுவதையும் மங்கலாக்கிவிடுகிறோம். பார்க்க அழகுதான். இலை எங்கே? கொடியா, செடியா? செம்மண்ணா, கரிசலா? எந்த மாதத்துப் பூ? ஒன்றும் தெரியாது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், பூவைக் கருப்பொருள் என்றும் வகுத்த மரபு நம்முடையது. படத்திலோ கரு மட்டும் நிற்கிறது, முதல் போய்விட்டது!

செங்காந்தளையே எடுத்துக்கொள்வோம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களுள் முதலில் நிற்பது அது. ஒரே பூவைப் பல காலைகள் தொடர்ந்து படம்பிடித்தாலன்றி அது பிடிபடாது. தலைகவிழ்ந்து தொங்கும் பச்சை மொட்டு விரிந்ததும் ஆறு இதழ்களும் பின்னோக்கி மேலே வளைகின்றன. மகரந்தத் தாள்கள் பக்கவாட்டில் பரவுகின்றன. முதலில் பசுமஞ்சள், பின்பு நுனி சிவந்து அடி மஞ்சளாக நிற்கும், இறுதியில் முழுச் சிவப்பு. மெல்லிய காம்பு ஆதலால் சிறு காற்றும் படத்தைக் கெடுத்துவிடும். வெயில் ஏறிவிட்டாலோ சிவப்பு ஒரே அப்பலாகி இதழின் நெளிவுகள் மறைந்துபோகும். ஆகவே விடியற்பொழுதே தக்கது. காந்தளை மகளிர் விரலுக்கு உவமை சொன்ன புலவர் அதை எந்த நாளில், எந்த நிறத்தில் கண்டிருப்பார் என்னும் கேள்வி, படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் நமக்கு எழுந்தது. எந்த உரையும் அக்கேள்வியை நம்முள் எழுப்பியதில்லை.

நிற்க. அப்படங்களை முதுகலை வகுப்பில் காட்டினோம். தாராபுரம் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருவர் எழுந்து, "சார், இது எங்க காட்டுல இருக்குதுங்க. கண்வலிப்பூங்க" என்றார். கொல்கிசின் என்னும் மருந்துப்பொருளுக்காக அப்பகுதியில் இதன் விதையைப் பயிர்செய்து விற்கிறார்கள். காலைதோறும் பூப்பூவாய்ச் சென்று மகரந்தத்தைக் கையால் தொட்டுச் சூல்முடியில் வைப்பது அவருடைய தாயாரின் வேலையாம். அந்த மாணவி 99 பெயர்களையும் தடையின்றி ஒப்பிப்பவர். தம் காட்டில் பூப்பதுதான் பட்டியலின் முதற்பெயர் என்பதை எவரும் அவருக்குச் சொல்லவில்லை. பாடப்புத்தகத்திலும் படம் இல்லை.

உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது (1889) குறிஞ்சிப்பாட்டின் ஏடுகளில் சில பூப்பெயர்கள் விடுபட்டிருந்தன. அலைந்து தேடி, தருமபுர ஆதீனத்து ஏட்டில் அவற்றைக் கண்டெடுத்தார். 'உதிர்ந்த மலர்கள்' என்னும் கட்டுரையில் அந்தத் தவிப்பை அவரே எழுதியிருக்கிறார். பெயர்கள் அச்சேறிவிட்டன. ஆயினும் அனிச்சம் எது என்பதில் இன்றும் அறிஞரிடையே ஒத்த கருத்தில்லை. பெயர் ஏட்டிலும் பூ வேலியிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன.

எனவே கேமரா வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அழகுக்காக ஒரு படம் எடுங்கள், தடையில்லை. உடனே இரண்டடி பின்வாங்கி, இலையும் தண்டும் நிலமும் தெரிய இன்னொன்று எடுங்கள். வாடியதையும் விடாதீர்கள், அரும்பு முதல் செம்மல் வரை பருவத்துக்கொரு சொல் வைத்திருக்கும் மொழியில் மலர்ந்த பூவை மட்டும் படம்பிடிப்பது என்ன நியாயம்? பூவைப் பறிக்கவும் வேண்டாம், பனித்துளிக்காக நீர் தெளிக்கவும் வேண்டாம். படத்தின் கீழே நாளையும் ஊரையும் எழுதுங்கள். அருகில் ஆடு மேய்ப்பவரோ களையெடுப்பவரோ இருந்தால், "இதுக்கு இங்க என்ன பேருங்க?" என்று கேட்டு அதையும் எழுதிவையுங்கள்.

அந்த மாணவி இப்போது தம் கைப்பேசியில் படம் எடுத்து வருகிறார். பூவோடு தாயாரின் மஞ்சள் தூள் படிந்த விரல்களும் அவற்றில் இருக்கின்றன.