எச்ஐவி தடுப்பு: புள்ளிராஜா சொல்லாமல் விட்டது

‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் வாழ்ந்த யாரும் எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரத்தில் வந்த இந்தக் கேள்வியை மறந்திருக்க முடியாது. சுவர்களிலும் விளம்பரப் பலகைகளிலும் தொடங்கி டீக்கடைக் கிண்டல் வரை போனது அது. ஆணுறை என்று வாய்விட்டுச் சொல்லக் கூசிய சமூகத்தைப் பேசவைத்த வகையில் அதை வெற்றி என்றே சொல்ல வேண்டும். ஆனால், புள்ளிராஜாவுக்கு ஆபத்து ஒரே திசையிலிருந்துதான் வந்தது. மனைவி அல்லாத பெண்ணிடமிருந்து. ஆணோடு உறவுகொள்ளும் ஆண் இத்தகைய பிரச்சாரத்திலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு: ‘நான் பெண்களிடம் போவதில்லை. எனக்கு வராது.’

உடற்கூறு இதற்கு நேர்மாறானது. ஆசனவாயின் உட்சவ்வு மெல்லியது, எளிதில் கிழியக்கூடியது. தொற்றுள்ளவரோடு பாதுகாப்பின்றி நடக்கும் 10,000 உறவுகளில், பெண்ணுறுப்பு வழியாக ஏற்பவருக்குத் தொற்றக்கூடிய வாய்ப்பு சுமார் 8; ஆசனவாய் வழியாக ஏற்பவருக்கு 138 என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீடு. இந்தியாவில் வயதுவந்தோரிடையே எச்ஐவி பரவல் 0.2 சதவீதம்தான். அரசின் கண்காணிப்பு ஆய்வில், ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடையே அது 3 சதவீதத்தைத் தாண்டுகிறது. யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்களிடம்தான் நாம் மிகக் குறைவாகப் பேசியிருக்கிறோம்.

காரணம் கூச்சம் மட்டுமல்ல, சட்டமும்தான். 1986இல் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைச் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழு கண்டறிந்தபோது, தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு முழு வீச்சில் இருந்தது. 2001 ஜூலையில் லக்னோவில் ஆண்களிடையே எச்ஐவி தடுப்புப் பணி செய்துவந்த தொண்டு நிறுவன ஊழியர்களையே போலீஸார் கைது செய்தனர். விழிப்புணர்வுக் கையேடுகள் ஆபாசப் பொருட்களாகக் காட்டப்பட்டன. ஒன்றரை மாதம் அவர்கள் சிறையில் கிடந்தார்கள். அதே ஆண்டு நாஸ் அறக்கட்டளை டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் அடிப்படையே, ‘இந்தச் சட்டம் இருக்கும்வரை எச்ஐவி தடுப்பு நடக்காது’ என்பதுதான். வேடிக்கை என்னவென்றால், அந்த வழக்கில் உள்துறை அமைச்சகம் சட்டம் வேண்டும் என்றது. சுகாதாரத் துறையின் கீழுள்ள தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்போ (நாகோ) அது தடுப்புப் பணிக்கு இடையூறு என்றது. ஒரே அரசு, இரண்டு வாக்குமூலங்கள்!

2018 செப்டம்பர் 6இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தளையை அறுத்தது. நான்கே நாள் கழித்து, செப்டம்பர் 10இல், எச்ஐவி-எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒப்புதலில்லாமல் பரிசோதனை கூடாது, தொற்று விவரத்தை வெளியிடக் கூடாது, வேலையிலோ சிகிச்சையிலோ பாகுபாடு கூடாது என்றது அச்சட்டம். எனவே இன்றைக்குச் சட்டத்தைச் சாக்குச் சொல்ல முடியாது.

இனி மருத்துவமனைக்குள் போவோம். அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ என்ற பெயரில் எச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் இலவசமாகக் கிடைக்கின்றன. சிறு நகரத்திலிருந்து ஒருவர் வருகிறார்; முப்பத்தைந்து வயது, மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘கல்யாணம் ஆயிடுச்சாங்க?’ ‘ஆயிடுச்சு.’ ‘வெளியில வேற பெண்களோட தொடர்பு ஏதும் உண்டா?’ ‘இல்லைங்க.’ அவர் பொய் சொல்லவில்லை. கேட்கப்பட்ட கேள்விக்கு உண்மையான பதில் அதுதான். பதிவேட்டில் ஆபத்து இல்லாதவராக அவர் பதிவாகிறார். ‘ஆண்களோடயா, பெண்களோடயா, ரெண்டு பேரோடயுமா?’ என்று முகம் மாறாமல் கேட்கும் ஆலோசகர் கிடைத்திருந்தால் அவரது கதையே வேறு. இருபாலீர்ப்பு உள்ள ஆண்களைத் தடுப்புப் பணி தவறவிடுவது பெரும்பாலும் இந்த ஒற்றை வரியில்தான்.

களப்பணி நடக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1998இல் சுனில் மேனன் சென்னையில் தொடங்கிய ‘சகோதரன்’ போன்ற அமைப்புகள், பிறர் பேசத் துணியாத காலத்தில் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஆணுறையோடு அலைந்தன. அதே சமூகத்தைச் சேர்ந்தவரே சகக் கல்வியாளராகப் போய்ப் பேசும் அந்த முறை இன்றும் அரசுத் திட்டத்தின் முதுகெலும்பு. ஆனால், சந்திப்பிடம் மாறிவிட்டது. கிரைண்டர் போன்ற செயலிகள் வந்த பிறகு, ஒருவர் பூங்காவுக்கே வராமல் வீட்டிலிருந்தபடி துணையைத் தேடிக்கொள்கிறார். பூங்காவில் காத்திருக்கும் ஊழியரை அவர் சந்திக்கப் போவதே இல்லை.

வந்து சேரும் அறிவுரையும் பாதியில் நின்றுவிடுகிறது. ‘ஆணுறை போடுங்கள்’ என்பதோடு முடித்துக்கொள்கிறோம். ஆசனவாயில் இயற்கையான ஈரப்பசை கிடையாது. வழுக்குப் பொருள் தேவை. நம் வீடுகளில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது தேங்காய் எண்ணெய். எண்ணெயோ, வாசலினோ பட்டால் லேட்டக்ஸ் ஆணுறை வலுவிழந்து கிழிந்துவிடும். நீர் அல்லது சிலிக்கோன் அடிப்படையிலான ஜெல்தான் ஆணுறையோடு சேரும் என்பதை எந்தத் தொலைக்காட்சி விளம்பரமாவது சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? தொண்டையிலும் ஆசனவாயிலும் மேகவெட்டை அறிகுறியே இல்லாமல் தங்கும் என்பதும், சிறுநீரை மட்டும் சோதித்தால் அது பிடிபடாது என்பதும் இதே வகை.

மருந்துகளின் கதை இன்னும் ஆதங்கம் தருவது. தொற்றாமல் தடுக்க முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் ‘பிரெப்’ மாத்திரையை உலக சுகாதார நிறுவனம் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களுக்கு 2014இலேயே பரிந்துரைத்தது. நாகோவும் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டுவிட்டது. ஆனாலும் தொற்றுள்ளவர்களுக்கான கூட்டு மருந்து சிகிச்சையைப் போல எல்லா ஊர்களிலும் இலவசமாகக் கிடைக்கும் நிலை வரவில்லை. கைக்காசு உள்ளவர் வாங்குகிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும் லெனகாபவிர் ஊசியை 2025 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அதன் பொதுவகை மருந்தை வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 40 டாலருக்கு 2027 முதல் தருவதாக அறிவித்திருப்பவை டாக்டர் ரெட்டிஸ், ஹெட்டிரோ என்ற இரு ஹைதராபாத் நிறுவனங்கள். உலகுக்கே மருந்து செய்யும் நாட்டில், அப்படியொரு மருந்து இருப்பதே தெரியாத இளைஞர்கள் ஏராளம்.

ஏற்கெனவே தொற்று உள்ளவரிடம் சொல்ல மறந்த செய்தி இன்னும் பெரியது. ஒருவர் தொற்றுள்ளவர், மற்றவர் தொற்றில்லாதவர் என்ற நிலையிலிருந்த 782 ஆண் ஜோடிகளை ஐரோப்பாவில் தொடர்ந்து கவனித்தார்கள். ஆய்வு முடிவு 2019இல் வெளியானது. முறையாக மருந்தெடுத்து ரத்தத்தில் கிருமி அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கியவரிடமிருந்து, ஆணுறை இல்லாத உறவிலும்கூட, துணைக்கு ஒரு தொற்றும் பரவவில்லை. பரிசோதனைக்குப் பயந்து ஒளிபவரை வெளியே கொண்டுவர இதைவிட நல்ல சேதி வேறில்லை. நாமோ இன்னும் பயமுறுத்தும் எய்ட்ஸ் விளம்பரங்களின் மண்டை ஓட்டுப் படத்தை விட்டு முழுதாக வெளியே வரவில்லை.

‘இதையெல்லாம் பேசினால் பையன்கள் கெட்டுப்போவார்கள்’ என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. பேசாமலே இருந்து பார்த்தாகிவிட்டது. பொருட்படுத்த வேண்டிய ஆட்சேபம் வேறு: ‘தன்பாலீர்ப்பாளர்களைக் குறிப்பிட்டுப் பேசினால், நோயைப் பரப்புபவர்கள் என்ற முத்திரை விழாதா?’ விழும். 2017இன் ரத்ததான நெறிமுறை, ஆணோடு உறவுகொள்ளும் ஆண்கள் அனைவரையும் ஒட்டுமொத்தமாக விலக்கிவைத்திருப்பது அதற்குச் சான்று. ஒருவர் என்ன செய்தார் என்று கேட்காமல் அவர் யார் என்பதைக் கொண்டு கதவடைப்பது மருத்துவமல்ல. ஆனால் முத்திரைக்கு அஞ்சி மௌனம் காப்பதும் தீர்வாகாது. பயமுறுத்தாமல், விவரமாக, அவர்களுக்காகவே பேச வேண்டும்.

அதற்குப் பேசுபவர்கள் தயாராக வேண்டும். மருத்துவக் கல்வி எங்கே நிற்கிறது? 2024இல் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட பாடத்திட்டத்தில், தன்பால் உறவு ‘இயற்கைக்கு மாறான குற்றம்’ என்ற பட்டியலில் மறுபடி நுழைந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து ஆறு ஆண்டுகள் கழித்து இந்த நிலை. தன்பாலீர்ப்பாளர்களை ‘மாற்றும்’ சிகிச்சைக்கு எதிராக 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தது சென்னை உயர் நீதிமன்றத்தில்தான். அந்தத் தீர்ப்பு பிறந்த தமிழ்நாட்டுக்கு இதில் முன்னால் நிற்கும் கடமை உண்டு. நம்பிக்கை மைய ஆலோசகர்களுக்கு மறுபயிற்சி, அரசு மையங்களில் இலவச பிரெப், செயலிகளுக்குள்ளேயே தமிழில் தகவல் ஆகிய மூன்றுக்கும் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை, அரசாணை போதும்.

அரசாணை வரும்வரை, இதை வாசிக்கும் உங்களுக்கோ உங்கள் நண்பருக்கோ பயன்படக்கூடிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆணுறை கிழிந்தாலோ, பாதுகாப்பில்லாத உறவு நடந்துவிட்டாலோ, பலாத்காரத்துக்கு ஆளானாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போய், அதன் பிறகும் தொற்றைத் தடுக்க உதவும் ‘பெப்’ மருந்து கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாட்கள் விடாமல் எடுக்க வேண்டும். எங்கே போவதென்று தெரியாவிட்டால் நாகோவின் கட்டணமில்லா உதவி எண் 1097.