சர்க்குலர் போட்டால் கதவு பூட்டிக்கொள்ளுமா?

சர்க்குலர் வருகிறது. படித்ததாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஃபைலில் போய்ச் சேருகிறது. அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்!

எல்லா ஆபீசிலும் நடக்கிற சங்கதிதான். ஆனால், இப்படி ஒரு சர்க்குலரை நம்பி உட்கார்ந்திருந்த கம்பெனி ஒன்று, சுமார் 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்களைத் திருடர்களிடம் பறிகொடுத்தது. நடந்தது அமெரிக்காவில், 2017-ல். கம்பெனியின் பெயர் ஈக்விஃபாக்ஸ்.

யார் எங்கே கடன் வாங்கினார், தவணை ஒழுங்காகக் கட்டினாரா, பாக்கி எவ்வளவு என்று ஊரார் கணக்கையெல்லாம் வைத்திருக்கும் கம்பெனி அது. கடன் கேட்டுப் போனால், பாங்குக்காரர்கள் இப்படிப்பட்ட கம்பெனியிடம் விசாரித்துவிட்டுத்தான் மேலே பேசுவார்கள். நம் நாட்டிலும் இதே நடைமுறைதான். பெயர், பிறந்த தேதி, விலாசம், அரசாங்கம் கொடுத்த அடையாள எண் எல்லாம் அங்கே இருக்கும். இவ்வளவும் களவு போனால், நம் பேரில் இன்னொருவன் கடன் வாங்கலாம்!

களவு எப்படிப் போனது?

அந்தக் கம்பெனி ‘அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்’ என்ற கம்ப்யூட்டர் மென்பொருளைப் பயன்படுத்தி வந்தது. அதில் ஓர் ஓட்டை இருப்பது 2017 மார்ச் மாதம் தெரிந்தது. ஓட்டையை அடைக்கும் மருந்தும் உடனே இலவசமாகக் கிடைத்தது. மார்ச் 8-ந் தேதி அமெரிக்க அரசாங்கமே எச்சரித்தது.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. மறுநாளே 400-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கடிதம் பறந்தது. ‘48 மணி நேரத்துக்குள் ஓட்டையை அடைக்க வேண்டும்’ என்று உத்தரவு!

சட்டப்படி, விதிப்படி எல்லாம் சரி. உத்தரவு உண்டு, கெடு உண்டு. ஆனால் ஓட்டை மட்டும் அடைபடவில்லை!

ஏன்? அந்த மென்பொருள் எங்கே ஓடுகிறது என்று அறிந்த ஊழியரின் பெயர் அந்த 400 பேர் பட்டியலிலேயே இல்லை. அவருடைய மேலதிகாரிக்குக் கடிதம் வந்தது. கீழே போய்ச் சேரவில்லை. ஓட்டை எங்கேயாவது பாக்கி இருக்கிறதா என்று ஒரு கருவியை வைத்துத் தேடினார்கள். அது தேட வேண்டிய இடத்தில் தேடவில்லை. ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லிவிட்டது. எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

மே 13-ந் தேதி திருடர்கள் புகுந்தார்கள். கடன் கணக்கில் தப்பு இருந்தால் பொதுமக்கள் புகார் கொடுப்பதற்கென்று ஒரு ஜன்னல் வைத்திருந்தார்கள். அந்த ஜன்னல் வழியாகவே உள்ளே போனார்கள்! உள்ளே போனால், மற்ற அறைகளின் சாவிக்கொத்து, அதாவது ரகசியச் சொற்கள், மறைக்காமல் எழுதி வைக்கப்பட்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு இன்னும் 48 பெட்டகங்களைத் திறந்தார்கள்.

காவல்காரன் இல்லையா? இருந்தான். உள்ளே வருவதையும் வெளியே போவதையும் சோதித்துப் பார்க்க ஒரு கருவி இருந்தது. அதற்குரிய சான்று காலாவதியாகிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. புதுப்பிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கருவி ஓடியது, ஆனால் கண் தெரியவில்லை. ஜூலை 29-ந் தேதி சான்றைப் புதுப்பித்தார்கள். அன்றைக்கே திருட்டு கண்ணில் பட்டது! மறுநாள் ஜன்னலை மூடினார்கள். அதற்குள் 76 நாள் கொள்ளை முடிந்திருந்தது. ஊருக்குச் சொன்னதோ செப்டம்பர் 7-ந் தேதிதான்.

இதைவிட வேதனை ஒன்று உண்டு. 2015-லேயே கம்பெனியின் சொந்தத் தணிக்கையில், அடைக்காத ஓட்டைகள் 8,500-க்கு மேல் இருப்பது தெரிந்துவிட்டது. அவை அடைபட்டனவா என்று மறுபடி தணிக்கை நடக்கவில்லை. ‘சொன்னால் செய்வார்கள்’ என்ற நம்பிக்கையிலேயே காலம் ஓடியது என்று அமெரிக்க செனட் விசாரணைக் குழு பின்னால் அறிக்கை கொடுத்தது.

ராத்திரி வாட்ச்மேன் நோட்டைப் பார்த்திருப்பீர்கள். பத்து மணிக்கு ரவுண்டு, பன்னிரண்டு மணிக்கு ரவுண்டு, இரண்டு மணிக்கு ரவுண்டு. விடியற்காலையில் ஒரே பேனாவால், ஒரே மூச்சில் எல்லாக் கையெழுத்தும் விழுந்திருக்கும்! நோட்டில் குறையே காண முடியாது. அதனால் கேட் பூட்டியிருந்தது என்று ஆகிவிடுமா?

பழி யார் தலையில் விழுந்தது? பதவியிலிருந்து விலகியிருந்த தலைமை அதிகாரி, 2017 அக்டோபரில் அமெரிக்கப் பாராளுமன்றக் குழு முன்னால் சாட்சி சொன்னார். பொறுப்பு தனக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டார். ஆனால் கோளாறு எங்கே என்று கேட்டபோது, செய்தியைச் சேர்க்காத ஒரு தனி ஊழியரையும், ஓட்டையைக் கண்டுபிடிக்காத கருவியையும் கை காட்டினார்.

இது என்ன நியாயம்? ஒரே ஓர் ஆள் மறந்தால் 14 கோடிப் பேரின் சொத்து போய்விடும் என்றால், தப்பு அந்த ஆளிடமா, அப்படி வைத்திருந்த நிர்வாகத்திடமா? மனுஷன் என்றால் மறப்பான். லீவு போடுவான். அதற்குத்தானே ‘முடிந்ததா?’ என்று பார்க்க இன்னொருவர் வேண்டும்!

“திருடர்கள் சாமானியர்கள் இல்லையே” என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். சீன ராணுவத்தைச் சேர்ந்த நான்கு பேர் மீது அமெரிக்க அரசு 2020-ல் வழக்குப் போட்டது, சீனா மறுத்தது. ஆனால் திருடன் எவ்வளவு பெரியவனாக இருந்தால் என்ன? அவன் வந்தது மருந்து கிடைத்து இரண்டு மாதம் ஆன பிறகும் அடைக்காத ஓட்டை வழியாகத்தானே!

“நூறு மெஷின் இருக்கு சார், எல்லாத்தையும் நிறுத்தி வச்சு மராமத்துப் பார்த்தா வியாபாரம் என்னாவது?” என்று நிர்வாகிகள் கேட்பார்கள். இதுவும் நியாயமான கேள்வியே. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது. அதனால்தான் எந்தக் கதவு உடைந்தால் குடி முழுகும் என்று முதலில் யோசிக்க வேண்டும். வாடிக்கையாளரின் விவரம் இருக்கும் அறைக்கு முதல் பூட்டு. கான்டீன் கணக்குக்குக் கடைசிப் பூட்டு. செலவு மிச்சம் பிடித்தவர்கள் கடைசியில் கண்டது என்ன? 2019-ல் ஏற்பட்ட சமரசப்படி ஈக்விஃபாக்ஸ் ஒத்துக்கொண்ட தொகை, குறைந்தபட்சம் 57 கோடியே 50 லட்சம் டாலர்!

நம் ஊருக்கு வருவோம். கம்ப்யூட்டரில் திருட்டு நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் ‘செர்ட்-இன்’ அமைப்புக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசு 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டது. 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தகவலைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்தார்கள்.

சட்டம் வேண்டியதுதான். வரவேற்கிறோம். ஆனால் சட்டம் வந்ததும் நம் நிர்வாகங்கள் என்ன செய்யும்? இன்னொரு ஃபாரம் அச்சடிக்கும். குமாஸ்தாவைக் கூப்பிட்டு, ‘எல்லாம் சரியாக உள்ளது’ என்ற இடத்தில் கையெழுத்து வாங்கும். நாளைக்குக் களவு போனால், அந்தக் கையெழுத்தைக் காட்டி அவரையே வீட்டுக்கு அனுப்பும். இதற்கா சட்டம்?

செய்ய வேண்டியது நான்கே காரியம். நம்மிடம் என்னென்ன மெஷின், என்னென்ன மென்பொருள், யார் விவரம் எங்கே இருக்கிறது என்று முழுப் பட்டியல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி ஒருவர் பொறுப்பு. அவர் லீவு போட்டால் இன்னொருவர். செய்தவரே ‘செய்தேன்’ என்று சொன்னால் போதாது. வேறொருவர் போய்ப் பார்க்க வேண்டும். “இன்னும் முடியலை சார்” என்று உண்மை சொல்பவரை மானேஜர் திட்டக்கூடாது. திட்டினால், அடுத்த தடவை பொய்தான் மேலே வரும்!

இது பெரிய கம்பெனிக்கு மட்டும் அல்ல. பில் போடும் மெஷினில் வாடிக்கையாளரின் போன் நம்பரைப் பதிந்து வைக்கும் கடைக்காரருக்கும் பொருந்தும். அந்த மெஷினின் ரகசியச் சொல்லைச் சீட்டில் எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருந்தால், இன்றைக்கே கிழித்து எறியுங்கள், சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

முதலாளிகளே, மானேஜர்களே! ஊழியரின் கையெழுத்தை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். எழுந்து போய்ப் பூட்டை ஒருதரம் இழுத்துப் பாருங்கள்!