ஓப்பரேட்டர் வேலைக்குப் போகும் பிள்ளைகளும் நமது சங்கமும்



கடந்த தவணை விடுமுறையில் நாம் ஓட்டமாவடிக்குப் போயிருந்தோம். அங்குள்ள அரிசி ஆலைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் நம் தோட்டங்களில் இருந்து போன பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவன், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு மூட்டை தூக்குபவன், நம்மிடம் ஒன்று கேட்டான். "மாஸ்டர், கொழும்புல தியேட்டர் ஓப்பரேட்டர் வேலை இருக்காம். தங்கச் சாப்பிட எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்களாம். முப்பத்தையாயிரம் முன்னாடியே கட்டணுமாம். போகலாமா?"

போகாதே என்று நாம் சொல்லவில்லை. இந்தப் பத்திரிகையிலும் அப்படி எழுதப் போவதில்லை. கொழுந்துக் கூடைக்கு வெளியே ஒரு தொழிலை விரும்பும் பிள்ளையைத் தடுப்பது சங்கத்தின் வேலை அல்ல. ஆனால் அந்த முப்பத்தையாயிரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பாட்டன் பூட்டன்மாரைக் கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்தான். அந்தக் கடனைத் துண்டில் எழுதி, தோட்டத்துக்குத் தோட்டம் அவர்களைக் கட்டி வைத்தான். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நூறு வருடம் கழித்து, வேலை கொடுப்பவன் தர வேண்டிய முன்பணத்தை வேலை தேடுபவனே கட்டுகிறான். கட்டுவதற்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போகிறது. வேலைக்கு ஆள் சேர்க்கக் காசு கேட்பவன் யாராக இருந்தாலும், மாமன் முறையாக இருந்தாலும், அவனிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நியமனக் கடிதம் எங்கே?

இனி அந்த வேலைக்கு வருவோம். ஓப்பரேட்டர் என்றால் என்ன வேலை என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அழைத்துப் போகிறவனுக்கும் தெரியவில்லை என்றே நினைக்கிறோம்.

ஓட்டமாவடியிலேயே எழுபது வயது தாண்டிய ஒரு காக்காவைச் சந்தித்தோம். வாலிபத்தில் கொழும்புத் தியேட்டர் ஒன்றில் ஓப்பரேட்டராக இருந்தவர். ரயிலும் லொறியும் ஒரே இரும்புப் பாலத்தில் மாறி மாறிப் போன காலத்தில் ஊரை விட்டுப் போய், திரும்பி வந்தவர். தேநீர் ஆறும் வரை அவர் பேசினார். அந்தக் காலத்தில் இரண்டரை மணி நேரப் படம் என்றால் ஏறக்குறைய பதின்மூவாயிரத்து ஐந்நூறு அடிச் சுருள், அதாவது நாலு கிலோமீற்றர். நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும். ஒரு வினாடிக்கு 24 படம். இரண்டாயிரம் அடி ரீல் ஒன்று இருபத்திரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆகவே அறையில் இரண்டு மெஷின். ஒன்று ஓடும்போது மற்றதில் அடுத்த ரீலை மாட்டிக் காத்திருக்க வேண்டும். திரையின் வலது மேல் மூலையில் சின்ன வட்டப் பொட்டு ஒன்று மின்னும். அதைப் பார்த்ததும் இரண்டாவது மெஷினின் மோட்டரைத் தட்டுவார்கள். ஏழெட்டு வினாடியில் இன்னொரு பொட்டு. அந்த நொடியில் மாற்ற வேண்டும். சரியாக மாற்றினால் சனத்துக்கு ஒன்றும் தெரியாது. தவறினால் விசிலும் கெட்ட வார்த்தையும்தான்.

வெளிச்சம் பல்பில் இருந்து வரவில்லை. இரண்டு கார்பன் குச்சிகளை நேருக்கு நேர் வைத்து, இடையில் மின்சாரம் பாய்ச்சி எரிப்பார்கள். குச்சி எரிய எரியக் குறையும். இடைவெளியைக் கையால் திருகிச் சரி செய்துகொண்டே இருக்க வேண்டும். அறையில் சூடு, புகை. பின்னர் செனோன் விளக்கு வந்து அந்தக் கஷ்டம் தீர்ந்தது. அதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. உள்ளே அழுத்தத்தில் வாயு அடைத்த விளக்கு அது, முகத்துக்குக் கவசம் போடாமல் மாற்றினால் வெடித்துக் கண் போய்விடும்.

காக்கா சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே எழுதுகிறோம். "அப்ப ஓப்பரேட்டர் இல்லாட்டிப் படமில்ல தம்பி. இப்ப ஓப்பரேட்டர் இல்லாட்டியும் படம் ஓடும்."

தொழிற்சங்கக்காரருக்கு இந்த வாக்கியம் உறைக்க வேண்டும். தொழிலாளியின் கை நின்றால் வேலை நிற்கும் என்பதில்தான் சங்கத்தின் பலம் இருக்கிறது. அமெரிக்காவில் ஓப்பரேட்டர்மார் ஐ.ஏ.டி.எஸ்.இ என்ற சங்கத்தில் நகரத்துக்கு நகரம் தனிக் கிளை வைத்திருந்தார்கள். நியூயோர்க் கிளையின் எண் 306. அறையில் அவர்கள் இல்லாமல் காட்சி இல்லை என்பதால் நல்ல சம்பளம் வாங்கினார்கள். பிறகு, முழுப் படத்தையும் ஒட்டி ஒரே பெரிய தட்டில் சுற்றி வைக்கும் முறை 1970கள் அளவில் பரவியது. ஒரு ஆள் பல திரைகளைப் பார்க்கலாம் என்று ஆயிற்று. அடுத்து டிஜிட்டல் வந்தது. 2014இல் பரமவுண்ட் நிறுவனம் அமெரிக்காவில் சுருள் பிரதி அனுப்புவதை நிறுத்தியது. அதற்கு முந்திய வருடமே ஃபுஜி நிறுவனம் சினிமாச் சுருள் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. சங்கம் கெட்டதால் அந்த வேலை போகவில்லை. வேலையின் பிடி தொழிலாளியின் கையை விட்டு வேறு இடத்துக்குப் போய்விட்டது.

அது எங்கே போனது என்பதைத் தமிழ்நாட்டில் பார்க்கலாம். அங்கே கியூப், யூ.எஃப்.ஓ போன்ற நிறுவனங்கள் தியேட்டர்களுக்கு டிஜிட்டல் கருவியும் சேவையும் கொடுத்துக் கட்டணம் வாங்குகின்றன. அந்தக் கட்டணம் அதிகம் என்று 2018 மார்ச் 1 முதல் தயாரிப்பாளர்கள் புதுப் படங்களை வெளியிட மறுத்தார்கள். ஒன்றரை மாதம் புதுப் படமே வரவில்லை. ஒரு காலத்தில் ஓப்பரேட்டர் கையில் இருந்த பிடிக்காகத் தயாரிப்பாளரும் கருவிக்காரரும் மோதினார்கள். ஓப்பரேட்டரை அந்தப் பேச்சுவார்த்தையில் யாரும் நினைக்கவில்லை. திருச்சியில் ரயில்வே வரைபடக்காரராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் மெஷினும் படங்களும் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டினார். தென்னிந்தியாவில் சினிமாக் காட்சியே அப்படி மெஷினைக் கையில் வைத்திருந்த ஒருவரால்தான் ஊருக்குள் வந்தது. நம் அப்பாயிமார் பிரட்டுக் களத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் பார்த்த கதையைச் சொல்லும்போதும் படத்தின் பெயர் மறந்திருக்கும், மெஷின்காரரின் முகம் மறந்திருக்காது.

இப்போது கொழும்பில் என்ன இருக்கிறது? நாட்டில் ஒரு காலத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட தியேட்டர்கள் இருந்தன. 1979இல் தொலைக்காட்சி வந்தது. 1983 ஜூலையில் தமிழர்களின் தியேட்டர்கள் எரிந்தன, ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவும் எரிந்தது. முதலாளிமாரின் நட்டம் பற்றி எழுதினார்கள். அந்த அறைகளில் வேலை செய்தவர்களுக்கு என்ன நடந்தது என்று நாம் படித்தது மிகக் குறைவு. மிஞ்சியவற்றிலும் பல மூடப்பட்டுக் களஞ்சியமாகவும் கலியாண மண்டபமாகவும் மாறின. மறுபக்கம் புதிதாகவும் வருகின்றன: கொழும்பு சிட்டி சென்டரில் ஸ்கோப், வன் கோல்ஃபேஸில் பி.வி.ஆர். என்று கடைத்தொகுதிக்குள் பல திரை கொண்ட தியேட்டர்கள்.

அங்கே படம் ஒரு ஹார்ட் டிஸ்கில் வருகிறது. அதைக் கணினியில் ஏற்ற வேண்டும். ஏற்றினாலும் ஓடாது, திறப்பு ஒன்று தனியாக மின்னஞ்சலில் வரும். அந்தத் திறப்பு குறிப்பிட்ட மெஷினுக்கு மட்டும், குறிப்பிட்ட திகதிக்குள் மட்டும் வேலை செய்யும். காட்சி நேரங்களைக் கணினியில் எழுதி வைத்தால் விளக்கு அணைவதும் படம் தொடங்குவதும் தானாக நடக்கும். ஆறு திரைக்கு ஒரு ஆள் போதும். அந்த ஒரு ஆளுக்கு மின்சாரம், குளிரூட்டல், ஒலி, கணினி வலையமைப்பு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரிய வேண்டும். கருவியோடு வரும் ஆங்கிலக் குறிப்பை வாசித்து விளங்க வேண்டும். இது மரியாதையான, கற்று முன்னேறக்கூடிய வேலை. ஆனால் முப்பத்தையாயிரம் கட்டி உள்ளே போகும் வேலை அல்ல. காசு வாங்கிக்கொண்டு தெரியாத பிள்ளைக்கு ஓப்பரேட்டர் வேலை தருகிறோம் என்றால், கையில் கொடுப்பது டிக்கட் கிழிக்கும் வேலையோ, சோளப்பொரி விற்கும் வேலையோ, நள்ளிரவுக் காட்சி முடிந்து ஆசனங்களுக்குக் கீழே கூட்டும் வேலையோதான். கூட்டுவது கேவலம் என்று நாம் சொல்லவில்லை. நம்மில் பாதிப் பேரின் தாய்மார் மலையில் அதைவிடக் கடினமான வேலை செய்தவர்கள். பொய்ப் பெயர் சொல்லிக் கூட்டிப்போய்க் கூட்ட வைப்பதுதான் கேவலம்.

ஆகவே இந்த ஆசையுள்ள பிள்ளைகளுக்கு நமது ஆலோசனை: முதலில் மின்னியல் அல்லது இலத்திரனியலில் என்.வி.கியூ. சான்றிதழ் எடுங்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ நைட்டாவிலோ விசாரியுங்கள். அந்தச் சான்றிதழ் இருந்தால் தியேட்டர் மட்டும் அல்ல, ஹோட்டல் மண்டபம், கோயில் திருவிழா, கலியாண வீடு என்று எங்கெங்கே இன்று எல்.இ.டி திரையும் ஒலிபெருக்கியும் நிற்கின்றனவோ அங்கெல்லாம் வேலை இருக்கிறது. பக்கத்து வாழைச்சேனையில் வைக்கோலில் இருந்து கடதாசி செய்த ஆலையைப் பாருங்கள். அந்த ஆலையின் மெஷின்கள் நின்றபோது, அந்த மெஷினை மட்டும் தெரிந்தவர்கள் திகைத்து நின்றார்கள். மோட்டரும் மின்சாரமும் தெரிந்தவர்களுக்கு வேறு கதவு திறந்தது. இதை ஓட்டமாவடியில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

சட்டம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் இதை அறியாமலே போகிறார்கள். தேயிலைக்கு இருப்பது போலவே சினிமாத் தொழிலுக்கும் தனிச் சம்பளச் சபை இருக்கிறது. 1941ஆம் ஆண்டின் அதே சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம்தான் இரண்டுக்கும். அதற்கு மேல், நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி நூற்றுக்கு 12, தொழிலாளி 8. நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3. இது வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் இருந்து. "பயிற்சிக் காலம் முடியட்டும், பிறகு போடுகிறோம்" என்பது சட்டத்தில் இல்லாத கதை. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தால், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை. தங்குமிடமும் சாப்பாடும் கொடுக்கிறோம் என்று சம்பளத்தில் வெட்டினால் எவ்வளவு வெட்டுகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுப்பவன் சொல்லும் எந்தத் தொகையையும் நம்ப வேண்டாம்.

இதையெல்லாம் தனி ஆளாக ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளை கேட்க முடியுமா? முடியாது. இங்கேதான் சங்கத் தோழர்கள் சிலருடன் நமக்குக் கருத்து வேறுபாடு. "தோட்டத்தை விட்டுப் போனவன் சந்தா கட்டுவதில்லை, அவனுக்கு நாம் என்ன செய்வது?" என்கிறார்கள். சந்தா தோட்டத்து ஒபிசில் சம்பளத்தில் வெட்டப்பட்டு வருகிறது. பேர் விழாதவனுக்குச் சந்தா இல்லை, சந்தா இல்லாதவனுக்குச் சங்கம் இல்லை. கணக்குப் புத்தகத்துக்கு இது சரி. ஆனால் ஒவ்வொரு லயத்திலும் எண்ணிப் பாருங்கள். தகப்பனும் தாயும் மலையில், மகன் புறக்கோட்டைக் கடையில், மகள் ஆடைத் தொழிற்சாலையில். 1,000 ரூபாய்ச் சம்பளத்துக்காக 2015இல் குரல் எழுப்பி, 2021 மார்ச் வரை இழுத்தடிக்கப்பட்டபோது, அந்த வருடங்களில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது கொழும்பில் இருந்து பிள்ளை அனுப்பிய காசில். வீட்டுக்கு உணவு போட்டவனைச் சங்கத்துக்கு வெளியே நிறுத்துவது எந்த நியாயம்?

இந்த நாட்டில் ஏழு பேர் சேர்ந்தால் தொழிற்சங்கம் ஒன்றைப் பதியலாம் என்று 1935ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தியேட்டர், கடை, ஹோட்டல் என்று சிதறி நிற்கும் நம் பிள்ளைகள் கொழும்பில் ஏழு பேர் அல்ல. அவர்களுக்குத் தனிச் சங்கம் வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. இருக்கும் சங்கத்தில் ஒரு நகரக் கிளை, சந்தாவை நேரில் கட்டும் வசதி, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையிலோ புறக்கோட்டையிலோ ஒரு மேசை, அந்த மேசையில் தொழில் திணைக்களப் படிவம் நிரப்பத் தெரிந்த இருவர். இவ்வளவுதான். ஆசிரியர்களான நாம் அந்த மேசையில் முறை வைத்து உட்காரத் தயார்.

இந்தப் பிரேரணையை அடுத்த மாவட்டக் குழுக் கூட்டத்தில் முன்வைக்கிறோம். அதற்கு முன் ஒரு பட்டியல் தேவை. உங்கள் வீட்டில் இருந்து வெளியூரில் வேலை செய்யும் மகனோ மகளோ இருந்தால், அவர்கள் பெயர், தோட்டம், என்ன வேலை, நியமனக் கடிதம் இருக்கிறதா, சேமலாப நிதி இலக்கம் இருக்கிறதா என்று ஒரு தாளில் எழுதித் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். யாருக்காவது வேலைக்கென்று முன்பணம் கொடுத்திருந்தால் தொகையையும் திகதியையும் எழுதுங்கள். வாங்கியவரின் பெயரைத் தாளில் எழுத வேண்டாம். கூட்டத்துக்கு வரும்போது நம்மிடம் நேரில் சொல்லுங்கள்.