தானாக விழும்வரை

பாலித் தீவின் கிழக்கே கராங்காசம் வட்டாரத்தில் இருக்கிறது தெங்கனான். அங்கே போய்வந்தவர்கள் சிலர் குறைப்பட்டுக்கொள்வதுண்டு: "பழங்கால ஊர் என்றார்கள். வாசலுக்கு வாசல் கடை, ஆளுக்கொரு கைபேசி!" பார்த்தது பொய்யில்லை. ஆனால் அந்த ஊர் காத்து வைத்திருப்பது ஓட்டையும் சுவரையும் மட்டுமல்ல. அதனால்தான் வெறும் கண்ணுக்கு அது அகப்படுவதில்லை.

அவர்கள் காப்பது 'அவிக்-அவிக்' என்னும் ஊர்ச்சட்டத்தை. 1841இல் தீ விபத்தில் அதை எழுதிவைத்திருந்த ஏடு எரிந்துபோனது. மறு ஆண்டே திரும்ப எழுதிக்கொண்டார்கள். ஊர் நிலத்தை வெளியாருக்கு விற்க முடியாது. சுற்றியுள்ள மலைக்காட்டில் நினைத்தபடி மரம் வெட்ட முடியாது. எனக்கு மிகவும் பிடித்தது டுரியான் விதி. மரம் உங்கள் தோட்டத்திலேயே நின்றாலும் பழத்தைப் பறிக்கக் கூடாது. பழுத்துத் தானாக விழும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

இதை அரசாங்கச் சட்டத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பாலியில் ஒரே ஊருக்கு இரண்டு முகம். சான்றிதழ், வரி போன்றவற்றைப் பார்ப்பது அரசுக் கிராமம். கோயில், சடங்கு, வழக்கம் ஆகியவை 'தேசா அடாட்' எனும் மரபுக் கிராமத்தின் பொறுப்பு. இந்த இரண்டாவதற்கென்றே பாலி மாகாணம் 2019இல் தனி ஒழுங்குவிதி இயற்றியது. ஆகவே கைபேசி வந்துவிட்டதே என்பது இங்கே சரியான கேள்வியல்ல. யார் சொல் செல்லுகிறது என்று கேட்க வேண்டும்.

வாசலில் தொங்கும் துணியையும் சற்று நின்று பார்க்கலாம். 'கெரிங்சிங்' என்று பெயர். நோயற்றது என்று பொருள் சொல்வார்கள். பாவு, ஊடை இரண்டின் நூலையும் நெய்வதற்கு முன்பே முடிச்சிட்டுச் சாயமேற்றுகிறார்கள். தறியில் இரண்டும் இம்மி பிசகாமல் சந்தித்தால்தான் உருவம் கூடும். உலகில் இந்த வேலை தெரிந்த இடங்கள் மிகக் குறைவு. குஜராத்தின் பாட்டன் நகரம் அவற்றில் ஒன்று. அங்கிருந்து கப்பலேறிய பட்டோலாத் துணியின் சாயல் கெரிங்சிங்கிலும் உண்டு. சிவப்பு வருவது நம்மூர் நுணாவின் இனத்து மரத்தின் வேரிலிருந்து. ஒரு துணி முடியச் சில ஆண்டுகள்கூட ஆகும். விலையைக் கேட்டு முகம் சுளிக்குமுன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

இந்த மக்களைப் 'பாலி ஆகா' என்பார்கள். ஜாவாவின் மஜாபாகித் பேரரசின் செல்வாக்கு பரவுமுன் இருந்த வழக்கங்களைத் தொடர்பவர்கள் என்பது கருத்து. முதன்மைத் தெய்வம் இந்திரன். மற்றப் பாலி இந்துக்கள் இறந்தவரை எரிக்க, இவர்கள் புதைக்கிறார்கள். ஆண்டுவிழாவில் இளைஞர்கள் முள்தாழை மடலால் ஒருவரையொருவர் கீறிக்கொள்ளும் சண்டையும் இந்திரனுக்கான வழிபாடே. காயத்துக்கு மஞ்சள் கலந்த மருந்தைத் தடவிவிட்டுச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

இதையெல்லாம் வெறும் அழகாகப் பார்ப்பதிலும் எனக்குச் சம்மதமில்லை. காட்டைக் காத்த அதே ஏடுதான், ஊருக்குள்ளேயே மணமுடிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வெளியூர்ப் பெண்ணைக் கட்டியவனுக்கு ஊர்ச்சபையில் முழு உறுப்பினனாக இடமில்லை.